பதினாறு வருஷம் கழித்து

தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர் என்பதும், அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி தன் கைக்குக் கிடைத்த அருமையான நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்துவிட்டான் என்பதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. தின்றவர் நெடுங்காலம் உயிர் வாழ்வார் என்பது அந்தக் கனியின் பெருமை. கொடுத்தவனுடைய மனசை இரண்டாயிரம் வருஷமாக நாம் புகழ்ந்துகொண்டிருக்கிறோம், புகழ வேண்டியதுதான். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுடைய புத்தி கொஞ்சம் கோணல் புத்தி. கனியைத் தின்ற பிறகு ஔவையார் எப்படி இருந்தார் என்று அது கேட்கிறது. ஆயுள் கூடியது சரி. கூடிய அந்த வருஷங்களில் அவருக்கு வேளாவேளைக்குப் பசித்ததா, சாப்பிட்டது செரித்ததா, ராத்திரி படுத்தால் தூக்கம் வந்ததா?

வைத்திய சரித்திரத்தைப் படிக்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. பழைய சர்ஜன்களின் குறிப்புகளில் இத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்தோம், இத்தனை பேர் இறந்தார்கள், மற்றவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள் என்று கணக்கு இருக்கிறது. வீட்டுக்குப் போனவர் அப்புறம் என்ன ஆனார்? மறுநாள் என்ன சாப்பிட்டார்? பத்து வருஷம் கழித்து என்ன சாப்பிட்டார்? இந்தக் கேள்வியை வைத்தியர்கள் கேட்கக் கற்றுக்கொண்ட கதை சுவாரசியமானது. அந்தக் கதையில் நெஞ்செரிச்சல் என்ற அற்ப வியாதிக்கு ஒரு பெரிய இடம் உண்டு.

அற்ப வியாதி என்று சொன்னது அது இல்லாதவர்களின் பாஷையில். இருக்கிறவர்களுக்கு அது அற்பமல்ல. உணவுக்குழாய் மார்பைக் கடந்து இரைப்பையோடு சேருகிற இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, இறங்கியதும் மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவு அது. கதவு தளர்ந்துவிட்டால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறுகிறது. இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் உள்பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்குக் கிடையாது. நெஞ்சுக்குழியில் கங்கு வைத்ததுபோல் எரியும்; குனிந்தால் புளித்த நீர் தொண்டைக்கு வரும்; படுத்தால் இன்னும் மோசம். வருஷக்கணக்கில் இப்படியே போனால் குழாய் புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, சோற்றுப் பருக்கைகூட இறங்காத நிலைமையும் வரும். நம் சித்த வைத்தியர்கள் குன்மம் என்ற ஒரே குடைக்கீழ் வயிற்றுத் தொல்லைகள் பலவற்றையும் கொண்டுவந்தார்கள். மேல்நாட்டு வைத்தியத்திலும் அமிலத்தால் உணவுக்குழாய் புண்ணாகும் இந்த நோயைத் தனியாகப் பிரித்து 1935ல்தான் எழுதினார்கள்.

இந்த நோய்க்கு ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் உண்டு. அவன் பெயர் வயிற்றுப் புண். இவன் அமிலத்தால் மேலே குழாயைச் சுடுகிறான் என்றால், அவன் இரைப்பையிலும் அதற்கு அடுத்த சிறுகுடல் முனையிலும் குழி பறிக்கிறான். தமிழ்நாட்டுக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். ஆபரேஷனுக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றிய பாடமும் முதலில் அவனிடமிருந்தே கிடைத்தது என்பதால், அவனைப் பார்த்துவிட்டு வருவோம்.

1922ல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற வந்த ஆங்கிலேயக் கோஷ்டியில் ஹோவர்ட் சாமர்வெல் என்று ஒரு சர்ஜன் இருந்தார். முதல் உலக யுத்தத்தில் சோம் போர்க்களத்தில் கத்தி பிடித்தவர். அந்த முறை பனிச்சரிவில் சுமைக்காரர்கள் ஏழு பேர் மாண்டுபோனார்கள். ஏறும் முயற்சி அதோடு நின்றது. ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாமே என்று கிளம்பிய சாமர்வெல், அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் தகுதி பெற்ற சர்ஜன் ஒரே ஒருவர். வாசலில் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக. லண்டனில் காத்திருந்த பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு அவர் நெய்யூரிலேயே தங்கிவிட்டார்.

1924ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஏறக்குறைய 28,000 அடி உயரம்வரை பிராணவாயுக் குப்பி இல்லாமல் ஏறினார். இறங்கும்போது தொண்டையில் ஏதோ அடைத்து மூச்சு நின்றுவிட்டது. பனியில் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தவர், கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் மார்பை அழுத்த, அடைப்பு வெளியே வந்து விழுந்தது. குளிரில் உரிந்துபோன தொண்டையின் உள்தோல்தான் அது. தொண்டைக் குழியில் ஒன்று சிக்கிக்கொண்டால் உயிர் எப்படித் துடிக்கும் என்பது அவருக்குப் புத்தகப் படிப்பாக இருக்கவில்லை.

நெய்யூரில் அவர் ஆயிரக்கணக்கான வயிற்று ஆபரேஷன்கள் செய்தார். சிறுகுடல் முனையில் புண் வந்து, ஆறி, தழும்பு சுருங்கி, இரைப்பையின் வாசலே அடைபட்டுப் போனவர்கள் அங்கே வரிசையாக வந்தார்கள். சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்து எலும்பும் தோலுமாய்ப் போனவர்கள். அடைபட்ட வாசலை விட்டுவிட்டு, இரைப்பையில் வேறோர் இடத்தில் துளை போட்டுச் சிறுகுடலை நேரே கொண்டுவந்து தைப்பார் சாமர்வெல். முன்வாசல் பூட்டிக்கொண்டால் கொல்லைப்புறம் கதவு வைக்கிற மாதிரி. பத்து நாளில் மனிதன் எழுந்து சோறு சாப்பிடுவான். பார்ப்பவர்களுக்கு அது அற்புதம்தான். தம் உதவியாளராக இருந்த ஆர் என்ற சர்ஜனுடன் சேர்ந்து சாமர்வெல் 1936ல் இந்த அநுபவத்தை இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதியபோது, இத்தனை வயிற்றுப் புண்களா என்று அங்கே ஆச்சரியப்பட்டார்கள்.

ஆனால் கொல்லைக் கதவுக்கும் ஒரு வாடகை உண்டு. இரைப்பையை வெட்டியோ, பாதையை மாற்றியோ செய்யும் ஆபரேஷன்களுக்குப் பிறகு சிலருக்குப் புது வாசலிலேயே இன்னொரு புண் வந்தது. சிலருக்குச் சாப்பிட்டு எழுந்த கால் மணியில் படபடப்பு, வியர்வை, மயக்கம். சாப்பாடு இரைப்பையில் தங்காமல் மடமடவென்று குடலில் கொட்டுவதால் வருகிற வினை. வருஷங்கள் போகப் போக ரத்தசோகை, எலும்புத் தேய்வு. வியாதி போய்விட்டது, வாழ்க்கை முழுசாகத் திரும்பி வரவில்லை.

மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியில் 1950களிலும் 60களிலும் வேலை பார்த்த பிராங்க் டோவி என்ற சர்ஜன் இந்தப் பின்கதையில் கவனம் செலுத்தியவர். இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகும், இரைப்பை வெட்டப்பட்டவர்களின் ரத்தமும் எலும்பும் பல வருஷங்களில் என்ன ஆகின்றன என்று தொடர்ந்து பார்த்தார். இந்தியாவில் எந்த ஊரில் என்ன சாப்பிடுகிறார்கள், அங்கே புண் அதிகமா குறைவா என்று ஒரு வரைபடமும் தயாரித்தார். தீட்டிய அரிசி தின்னும் தெற்கிலும் கிழக்கிலும் புண் அதிகம். முழுக் கோதுமையும் சில சிறுதானியங்களும் பருப்பு வகைகளும் தின்னும் இடங்களில் குறைவு. எலிகளிடம் சோதித்தபோது, கொள்ளில் இருக்கும் கொழுப்புச் சத்து இரைப்பையைப் புண்ணாகாமல் காப்பதாக அவரும் அவர் தோழர்களும் கண்டார்கள். கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும் தின்று வளர்ந்த தர்மபுரிக்காரர்கள் இதைக் கேட்டு மீசையை முறுக்கிக்கொள்ளலாம். ஆனால் ரயில்வே டாக்டராக இருந்த மல்ஹோத்ரா இதே காலத்தில் வேறொரு காரணம் சொன்னார். பஞ்சாபிக்காரன் ரொட்டியை நன்றாக மெல்லுகிறான், உமிழ்நீர் ஊறுகிறது; தென்னாட்டான் குழைந்த சோற்றை மெல்லாமல் விழுங்குகிறான் என்பது அவர் கட்சி. அவர் தர்மபுரிக்கு வந்து, களியைப் பல்லில் படாமல் உருட்டி விழுங்குகிற அழகைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பிற்பாடு கதை வேறு திசையில் திரும்பியது. வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இருவர் 1980களில் நிரூபித்தார்கள். நம்பாதவர்களுக்காக மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்துத் தாமே குடித்தும் காட்டினார். 2005ல் நோபல் பரிசு. இரண்டு வார மாத்திரையில் புண் ஆறுகிற காலம் வந்தது. சாமர்வெல் செய்த ஆபரேஷனுக்கு இன்று அபூர்வமாகவே வேலை இருக்கிறது. ஆனால் நெஞ்செரிச்சல் போகவில்லை. அது கிருமியால் வருவதல்ல. கதவு தளர்ந்து வருவது.

வயிற்றுப் புண் ஆபரேஷன்கள் மலிந்திருந்த அந்தக் காலத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. இங்கிலாந்தில் யார்க் நகரத்து சர்ஜன் விஸிக் என்பவர், 1948ல், தம்மிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை நாலு வகையாகப் பிரித்தார். எந்தத் தொந்தரவும் இல்லாதவர் முதல் வகை. சிறு தொந்தரவு உண்டு, பத்தியமாக இருந்தால் அடங்கிவிடும் என்பவர் இரண்டாம் வகை. பத்தியத்துக்கும் அடங்காத, ஆனாலும் பெரிதாய் வாழ்க்கையைக் கெடுக்காத தொந்தரவு உள்ளவர் மூன்றாம் வகை. ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை என்பவர் நாலாவது. ரத்தப் பரிசோதனை இல்லை, படம் பிடிக்கவில்லை. நோயாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டதுதான் பரிசோதனை. இவ்வளவு சாதாரணமான காரியத்துக்கு ஒரு மனிதரின் பெயர் நிலைத்துவிட்டது என்றால், அதற்கு முன் அதை எவ்வளவு பேர் செய்யவில்லை என்று தெரிகிறது. அமிலம் மேலேறுவதற்குச் செய்யும் ஆபரேஷன்களையும் அந்த நாலு வகையால் அளக்கிற பழக்கம் பின்னர் வந்தது.

அந்த ஆபரேஷனைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் நிஸ்ஸன். 1896ல் ஜெர்மனியின் ஸைலீஷியாவில் பிறந்த யூதர். முதல் யுத்தத்தில் மார்பில் குண்டு பாய்ந்து பிழைத்தவர். பெர்லினில் பிரசித்தி பெற்ற சௌர்ப்ரூக் என்ற சர்ஜனுக்கு வலது கையாக இருந்தார். 1933ல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். யூதர்களை ஒதுக்கும் இயக்கம் ஆரம்பித்தது. தம் நாட்டில் தமக்கு இனி இடமில்லை என்று உடனே புரிந்துகொண்ட சிலரில் நிஸ்ஸனும் ஒருவர். துருக்கியில் அத்தாதுர்க் புதிய சர்வகலாசாலை அமைத்து, ஜெர்மனி விரட்டிய படிப்பாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். நிஸ்ஸன் இஸ்தான்புல் போனார்.

அங்கே 1936ல் ஓர் இளைஞன் வந்தான். உணவுக்குழாயின் அடிமுனையில் ஆழமான புண். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டுக் குழாயை இரைப்பையோடு சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட தையல் பிரிந்து கசிந்தால் மரணம் நிச்சயம். கசியாமல் இருக்க நிஸ்ஸன் ஒரு யோசனை செய்தார். இரைப்பையின் மேல்பாகத்தை இழுத்து, குழாயின் அடிமுனையைச் சுற்றி மடித்துத் தைத்துவிட்டார். மார்கழிக் குளிரில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொள்கிறோமே, அந்த மாதிரி. தையலைக் காப்பாற்றத்தான் அந்தத் துண்டு; வேறு உத்தேசம் எதுவும் அப்போது அவருக்கு இல்லை. இளைஞன் பிழைத்தான். நிஸ்ஸன் 1939ல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவில் அவர் கையில் வந்த நோயாளிகளில் ஒருவர் ஐன்ஸ்டீன். 1948 டிசம்பரில் அவர் வயிற்றைத் திறந்து பார்த்தபோது பெரிய ரத்தக்குழாய் பலூன்போல் வீங்கியிருந்தது. அதை வெட்டி மாற்றும் வித்தை அப்போது உலகத்தில் இல்லை. வீக்கத்தின் மேல் செலபேன் காகிதத்தைச் சுற்றிவிட்டு வயிற்றை மூடினார் நிஸ்ஸன். அந்தக் காகிதச் சுற்றோடு ஐன்ஸ்டீன் ஆறு வருஷத்துக்குமேல் எழுதினார், பேசினார், படகில் போனார். 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது இன்னோர் ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். எதையாவது சுற்றிக் கட்டிக் காப்பாற்றுவதில் இந்த மனிதருக்கு ஒரு ராசி இருந்திருக்கிறது.

இஸ்தான்புல் இளைஞனுக்கு வருவோம். ஆபரேஷன் நடந்து சுமார் பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவனுடைய நிலைமை நிஸ்ஸனுக்குத் தெரிய வந்தது. உயிரோடு இருந்தான் என்பது மட்டுமல்ல. நெஞ்செரிச்சல் இல்லை, புளித்த நீர் மேலே வரவில்லை. குழாயின் முனையையும், அதோடு கதவையும் வெட்டி எடுத்துவிட்டவனுக்கு நியாயமாகப் பார்த்தால் அமிலம் ஆறாகப் பெருகி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நிஸ்ஸன் யோசித்தார். தையலுக்காகப் போட்ட துண்டு, தெரியாமலே ஒரு கதவாகிவிட்டிருக்கிறது. இரைப்பை நிரம்ப நிரம்ப, அதன் சுற்று குழாயை இறுக்கிப் பிடிக்கிறது.

அப்போது அவர் ஸ்விட்ஜர்லாந்தில் பாஸல் நகரத்துப் பேராசிரியர். தளர்ந்த கதவால் அவதிப்பட்ட இரண்டு நோயாளிகளுக்கு 1955ல் இதையே ஆபரேஷனாகச் செய்தார். 1956ல் ஸ்விஸ் வைத்தியப் பத்திரிகையில் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினார். இன்றைக்கு உலகமெங்கும் அவர் பெயராலேயே அது நடக்கிறது. நான் இதில் வியப்பது அவருடைய கைத்திறமையை அல்ல. சுற்றித் தைத்த கை 1936லேயே அந்த வேலையைச் செய்துவிட்டது. கண்டுபிடிப்பு நிகழ்ந்தது ஒரு பழைய நோயாளி எப்படிச் சாப்பிடுகிறான் என்று தெரிந்தபோதுதான். அந்தச் செய்தி வராமல் போயிருந்தால், அல்லது வந்தும் அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால், அந்தத் துண்டு இஸ்தான்புல்லில் ஒருவனுடைய வயிற்றுக்குள் ரகசியமாகவே இருந்திருக்கும்.

இனி வாடகைக் கணக்கு. அதிலும் நிஸ்ஸனின் ஆபரேஷன் விதிவிலக்கல்ல. ஆரம்பத்தில் சுற்று நீளமாகவும் இறுக்கமாகவும் இருந்தது. கீழிருந்து அமிலம் வராத கதவு, கீழிருந்து காற்றையும் விடவில்லை. ஏப்பம் விட முடியாது. வாந்தி வந்தாலும் எடுக்க முடியாது. வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். விழுங்குவதும் சிலருக்குக் கஷ்டம். மேல்நாட்டுப் புத்தகங்களில் இதை ஒரு பக்கவிளைவு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் தேசத்தில் சபையில் ஏப்பம் விடுவது அநாகரிகம். விட முடியாமல் போனால் ஒரு வகையில் சௌகரியம் என்றுகூட நினைத்துக்கொள்வார்களோ என்னவோ. நம் ஊரில் அப்படியா? கல்யாணப் பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்தவர், வெற்றிலைத் தட்டை நோக்கி நடக்கும்போது விடுகிற அந்த ஒரு ஏப்பத்தில்தான் சமையற்காரருக்குப் பாதிச் சம்பளம் இருக்கிறது. அது வராத மனிதர் பந்தியில் உட்கார்ந்தும் பந்தியில் இல்லாதவர்.

இந்தக் குறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் சர்ஜன்கள் ஆபரேஷனை மாற்றினார்கள். பிரான்ஸில் 1962லும் 63லும் டோர், டூப்பே என்ற இருவர், குழாயை முழுக்கச் சுற்றாமல் ஒரு பகுதியை மட்டும் அணைக்கிற முறைகளைக் கொண்டுவந்தார்கள். முழுச் சுற்றையே குட்டையாகவும் தளர்வாகவும் செய்கிற பழக்கம் பிறகு வந்தது. அரைச்சுற்று, முக்கால்சுற்றில் விழுங்கும் கஷ்டமும் உப்புசமும் குறைவு என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 1991ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் டால்மான்யே என்பவர், வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே குழாய்க் காமிராவை விட்டு இதைச் செய்து வெளியிட்டார். அதற்கப்புறம் நாலைந்து சிறு தழும்புகளோடு இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றானது.

இதற்குள் மாத்திரைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1976ல் சிமெடிடின், 1988ல் ஒமிப்ரஸோல் என்று அமிலச் சுரப்பையே அடக்குகிற மருந்துகள் வந்தன. கத்தியா மாத்திரையா என்ற வழக்கு ஆரம்பமாயிற்று. அமெரிக்காவில் முன்னாள் யுத்த வீரர்கள் 247 பேரை வைத்து நடத்திய பரீட்சையில், 1992ல், ஆபரேஷன்தான் ஜெயித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அதே ஆராய்ச்சியாளர்கள் அந்த வீரர்களைப் பத்து வருஷத்துக்கும் மேல் கழித்துத் தேடிப்போய் விசாரித்தார்கள். 2001ல் வெளிவந்த விடை பலரைத் திடுக்கிட வைத்தது: ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100க்கு 62 பேர் மறுபடி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாத்திரைக் கட்சியில் 92 பேர். வாழ்க்கை சுகத்தை அளந்து பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐரோப்பாவில் 554 பேரிடம் நடந்த இன்னொரு பரீட்சையின் ஐந்து வருஷ முடிவு 2011ல் வந்தது. மாத்திரையில் 100க்கு 92 பேருக்கும், ஆபரேஷனில் 85 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. புளித்த நீர் மேலே வருவது மாத்திரைக்காரர்களுக்கு அதிகம். விழுங்கும் கஷ்டமும் உப்புசமும் ஆபரேஷன்காரர்களுக்கு அதிகம். ஆக, எந்தத் தொந்தரவோடு குடித்தனம் நடத்தச் சம்மதம் என்பதே கேள்வி. மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும், கதவைச் சரிசெய்யாது. குனிந்து நாற்று நடுகிறவளுக்கும், மூட்டை தூக்குகிறவனுக்கும், மேலே வருகிற நீர் அமிலமில்லாத நீரானாலும் தொல்லைதான். அவர்களுக்குக் கத்தி நல்லது செய்யலாம். மாத்திரையில் எரிச்சல் அடங்கிச் சௌக்கியமாயிருப்பவர் எதற்காக வயிற்றைத் துளைத்துக்கொள்ள வேண்டும்?

தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நடக்கிறது. சேலமும் பெங்களூரும் பஸ்ஸில் சில மணி தூரம். ஆகவே ஆபரேஷன் என்பது முன்போல் ஒருவர் வாழ்நாளில் எட்டாத சமாசாரம் அல்ல. எட்டுகிற தூரத்தில் வந்துவிட்டதால்தான் பின்கதையைப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரங்கள் தைத்த இடம் வீங்கியிருக்கும். நீராகாரம், பிறகு குழைந்த ஆகாரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டி ஆகாரம் என்று ஏணிப்படிபோல் ஏறச் சொல்வார்கள். ரொட்டித் துண்டு, இறைச்சித் துண்டு சிக்கிக்கொள்ளும், நன்றாக மென்று தின்னுங்கள் என்று அச்சடித்த காகிதம் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் ரொட்டி தின்னும் தேசத்தில் எழுதப்பட்டது. களி தின்னும் தேசத்தில் அதற்கு என்ன அர்த்தம்? களி மெல்லுகிற ஆகாரமே அல்ல. மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் கெடும். விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, நாக்கின் மேல் வைத்து வழுக்கி விடுவதுதான் முறை. புதிதாகத் தைத்த கதவின் முன்னால் அந்த உருண்டை போய் நின்றால், எவரெஸ்டில் சாமர்வெல் உட்கார்ந்த மாதிரி மனிதர் கண் பிதுங்கி உட்கார வேண்டியதுதான். அதே கேழ்வரகைக் கூழாகக் கரைத்து மோர் விட்டுக் கொடுத்தால் அந்த வாரங்களுக்கு அதைப்போன்ற ஆகாரம் கிடையாது. ஒரே தானியம், ஒன்று தொண்டையை அடைக்கும், ஒன்று உடம்பைத் தேற்றும். இதைச் சொல்ல சர்ஜனுக்கு நோயாளியின் சமையலறை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நோயாளியின் சம்சாரமாவது வாய் திறந்து கேட்க வேண்டும்: ‘டாக்டர் ஐயா, இவருக்கு எத்தனை நாள் கழித்துக் களி போடலாம்?’

இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்கு வீக்கம் வடிந்து விழுங்குவது சுலபமாகிவிடுகிறது. சின்னச் சின்ன உருண்டையாக, சாவதானமாக, இடையிடையே தண்ணீர் குடித்துச் சாப்பிட்டால் களியும் இறங்கும். தளர்வான சுற்றுப் போடப்பட்டவர்களில் பலருக்கு ஏப்பமும் வரும். பழைய கம்பீரம் இருக்காது, அவ்வளவுதான்.